எளிமையின் விலை: ஸ்கண்டிநேவிய நாற்காலியும் கல்முனைக் கரையின் பன்பாயும்

தமிழ்த் திறனாய்வு கவிதையையும் புனைகதையையும் நாடகத்தையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்து நெடுங்காலமாயிற்று. நாட்டார் பாடலும் கூத்தும் பின்னர் அவ்வாட்சிக்குள் இடம்பெற்றன. ஆயின், மக்கள் நாள்தோறும் அமரும் இருக்கை, படுக்கும் பாய், நீரருந்தும் கலம் ஆகியவை திறனாய்வுக்குரிய படைப்புகளாக நோக்கப்படுவது இன்றும் அரிதே. மானிடவியலாளரின் களக்குறிப்புகளிலும் கைத்தொழில் திணைக்களங்களின் அறிக்கைகளிலும் அவை இடம்பெறுகின்றன. அவற்றின் அழகு யாது, அவ்வழகு எதிலிருந்து பிறக்கின்றது, அதனைத் தீர்மானிப்போர் யாவர் என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. இவ்வினாக்களை எழுப்பாத சமுதாயம் தன் வீட்டுப் பொருள்களின் பெறுமதியைப் பிறர் சொல்லக் கேட்டே அறிந்துகொள்ள வேண்டியதாகின்றது.

இந்நிலைக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டொன்று உண்டு. நகரங்களில் புதிதாக வீடு அமைப்போரிடையே 'ஸ்கண்டிநேவியப் பாணி' என்னும் தொடர் வழக்குக்கு வந்துள்ளது. வெளிறிய மரம், செதுக்குவேலை அற்ற கால்கள், சாயமிடாத பருத்தியும் சணலும், புல்லாலும் பிரம்பாலும் ஆன கூடைகள், பொருள்களிலும் பார்க்க வெற்றிடம் மிகுந்த அறை என்பன அப்பாணியின் அடையாளங்கள். இவை நயமான இரசனையின் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. அதேவேளை, கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம் ஊர்களின் பழைய வீடுகளிற் காணப்பட்ட வெறுந்தரையும், சுவரோரம் சுருட்டிச் சாத்திய பன்பாயும், வளையிலிருந்து தொங்கிய உறியும், மண்குடமும், ஓலைப்பெட்டியும் இல்லாமையின் சின்னங்களாகவே நினைவுகூரப்படுகின்றன. ஈரிடத்தும் மூலப்பொருள் புல்லும் மரமும் மண்ணுமே. ஈரிடத்தும் மிகையான அலங்காரம் இல்லை. அவ்வாறாயின், ஒன்று அழகெனவும் மற்றையது வறுமையெனவும் பெயர்பெற்றது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் ஒடுங்கிய நிலப்பரப்பாகும். கிழக்கே கடலும் மேற்கே வயல்வெளியும் எல்லைகளாக அமைய, இடையே மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்கள் நெருங்கி அமைந்துள்ளன. பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழ் ஊர்கள் அவற்றோடு இடையிட்டு வருகின்றன. வயலுக்கு நீர்தரும் குளங்களும் வாய்க்கால்களும், கடலோரக் களப்புகளும், தாழ்நிலச் சதுப்புகளும் இப்பகுதியின் இயல்பு. அத்தகைய ஈரநிலங்களில் வளரும் கோரையினத்துப் புல்லே பன் எனப்படுவது. அறுத்த பன் வெயிலில் உலர்த்தித் தரம்பிரிக்கப்படும். அதில் ஒரு பகுதி கொதிநீரிற் சாயமேற்றப்படும். பின்னர் தறியின் துணையின்றி, தரையில் அமர்ந்தவாறே கைவிரல்களாற் குறுக்கும் நெடுக்குமாகச் செலுத்திப் பாய் ஆக்கப்படும். ஈழத்துத் தமிழ் வழக்கில் இச்செயல் 'இழைத்தல்' எனப்படுகின்றது. இழையைக் கையாளும் நுண்மையைச் சுட்டும் சொல் புல்லுக்கும் உரியதாக வழங்குவது இத்தொழிலின் தரத்துக்கு மொழி அளித்த சான்று எனலாம். இழைப்போர் பெரும்பாலும் பெண்களே.

பன்பாயை ஒரு படைப்பாக வாசிக்குமிடத்து முதலிற் புலப்படுவது அதன் அலங்காரத்தின் தன்மையாகும். சாயமேற்றிய பன் பட்டைகளாகவும் கட்டங்களாகவும் பாயினுள் ஓடுகின்றது. பாய் முடிந்தபின் அக்கோலத்தை மேலே சேர்க்க இயலாது. இழைக்கத் தொடங்கும்போதே அதன் கணக்கு இழைப்பவளின் மனத்தில் அமைந்திருத்தல் வேண்டும். அமைப்பே அலங்காரமாதல் என இருபதாம் நூற்றாண்டின் நவீன வடிவமைப்பாளர் பெரிதும் பேசிய கோட்பாடு இங்கு யாரும் பேசாமலே நிறைவேறியுள்ளது. அடுத்து நோக்கத்தக்கது அதன் பயன். இரவில் அது படுக்கை, பகலில் இருக்கை. விருந்தின்போது அதன்மேற் சஹன் வைக்கப்படும். அதனைச் சூழ்ந்து அனைவரும் ஒரே மட்டத்தில் அமர்ந்து ஒரே தட்டில் உண்பர். மௌலூது ஓதுவோரும், பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாயைக் காண வருவோரும், ஜனாஸா வீட்டில் துயர் பகிர்வோரும் அதன்மேலேயே அமர்வர். வேலை முடிந்ததும் அது சுருண்டு மூலைக்குச் சென்றுவிடுகின்றது. நாற்காலி தான் நிற்கும் இடத்தைத் தனதாக்கிக்கொள்கின்றது. பாய் இடத்தைத் திருப்பித் தருகின்றது. ஓர் அறை பல அறைகளாவது இதனாலேயே. வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த கரையோரத்திற் காற்றை ஊடுருவவிடும் புற்பரப்பு உடலுக்குத் தரும் சுகமும் கருதற்பாலது. குறைந்த பொருளால் நிறைந்த பயன் என்பதே எளிமைக்கு அளவுகோலாயின், பன்பாய் அவ்வளவுகோலின் உச்சியில் வைக்கத்தக்கது.

இனி, ஸ்கண்டிநேவியப் பொருள்களின் பக்கம் திரும்பலாம். அவற்றின் எளிமை அந்நாட்டு மக்களின் பிறவிக்குணம் எனக் கருதும் போக்கு உண்டு. குளிரும் காடும் நீண்ட இரவும் அவர்களை அவ்வாறு ஆக்கின என்பர். வரலாறு இதற்கு முழுமையாக இடந்தருவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1930 வரை பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சுவீடன் நாட்டவர் பெரும்பாலும் பிழைப்புத் தேடி வட அமெரிக்காவுக்குப் பெயர்ந்தனர். அக்காலக் குடியானவர் வீட்டு மரவாங்கு உயர்ந்தோர் மதித்த கலைப்பொருளாக இருக்கவில்லை. 1899 இல் எலன் கேய் என்னும் சுவீடன் எழுத்தாளர் 'அனைவர்க்கும் அழகு' எனப் பொருள்படும் நூலை வெளியிட்டார். ஆங்கிலேயரான வில்லியம் மொறிஸின் சிந்தனையால் ஈர்க்கப்பட்ட அவர், அழகு செல்வர்க்குரிய ஆடம்பரம் என்னும் எண்ணத்தை மறுத்தார். தொழிலாளியின் சிறுவீட்டிலும் நன்கமைந்த பொருள்கள் இருத்தல் வேண்டும் என வாதிட்டார். இருபது ஆண்டுகளின் பின், 1919 இல், கிரெகர் பால்சன் அன்றாடப் பொருள்கள் மேலும் அழகுடையனவாதல் வேண்டும் என்னும் கருத்தைத் தலைப்பிலேயே தாங்கிய நூலை எழுதினார். 1845 இல் தோன்றிய சுவீடன் கைவினைச் சங்கம் இக்கருத்துகளைத் தொழிற்சாலைகளுக்கும் கண்காட்சிகளுக்கும் கொண்டுசென்றது. சுருங்கக்கூறின், அங்கு எளிமை அழகெனப் பெயர்பெற்றதற்கு எழுத்தும் வாதமும் முன்னின்றன. நாற்காலியைப் பற்றிய திறனாய்வு நாற்காலியின் புகழுக்கு முன்னரே பிறந்துவிட்டது.

டென்மார்க்கில் இதற்கு நிறுவன வடிவம் கிடைத்தது. 1924 இல் கோப்பன்ஹேகன் அரச கலைக்கழகத்திற் கோரே கிளின்ட்டின் தலைமையில் தளபாட வடிவமைப்புக் கற்கை தொடங்கியது. மனித உடலின் அளவுகளையும் வீட்டிற் பேணப்படும் பொருள்களின் அளவுகளையும் கணக்கிட்டு வடிவமைக்கும் முறை அங்குக் கற்பிக்கப்பட்டது. பழைய தளபாடங்களை அளந்து வரைந்து பயில்வது மாணவர்க்குரிய கடமையாயிற்று. 1927 முதல் 1966 வரை கோப்பன்ஹேகன் தச்சாசிரியர் சங்கம் ஆண்டுதோறும் கண்காட்சி நடாத்தியது; கட்டடக்கலைஞனும் தச்சனும் இணைந்து ஆக்கிய பொருள்கள் அங்கு வைக்கப்பட்டன. 1896 இல் அமைந்த டென்மார்க்கு நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களின் ஒன்றியம் 1942 இல் தனக்கெனத் தளபாட வடிவமைப்புப் பிரிவொன்றை நிறுவி, போர்ஜ் மொகென்சனை அதன் தலைவராக்கியது. அவர் 1947 இல் ஆக்கிய எளிய மரநாற்காலி 'மக்கள் நாற்காலி' என்றே பெயர்பெற்றது. அண்டை நாடான பின்லாந்திலும் ஆல்வார் ஆல்டோ 1933 இற் பேர்ச் மரத்தை வளைத்து மூன்றுகாற் சிறுமுக்காலியொன்றை வடிவமைத்தார். இரண்டு ஆண்டுகளின் பின் 'ஆர்ட்டெக்' நிறுவனம் அத்தகைய பொருள்களை விற்பதற்கெனத் தோன்றியது.

இவ்வரலாற்றில் ஒரு நாற்காலி தனித்து நோக்கத்தக்கது. ஹான்ஸ் வெக்னர் 1949 இல் வரைந்து, 1950 முதல் உற்பத்தியாகிவரும் அந்நாற்காலியின் முதுகுப்பகுதி சீனத்து மிங் காலத்து நாற்காலிகளின் வடிவை அடியொற்றியது. ஆகவே தூய ஸ்கண்டிநேவியம் என்பதும் ஆசியாவிடம் கடன்பட்டதே. அதன் இருக்கை முறுக்கிய கடதாசிக் கயிற்றால் ஆனது. டென்மார்க்கிற் கடற்புற்கயிறு கொண்டு இருக்கை பின்னும் வழக்கம் முன்பு இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அப்புல் கிடைப்பது அரிதாகவே, கடதாசிக்கயிறு அதற்கு மாற்றாக வந்தது. பற்றாக்குறையிற் பிறந்த அம்மாற்று இன்று உயர்தரத்தின் முத்திரையாகிவிட்டது. ஓர் இருக்கைக்கு ஏறத்தாழ 120 மீற்றர் கயிறு செல்லும். பயின்ற தொழிலாளி அதனைக் கையாற் பின்ன ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆகும். நாற்காலியை விற்போர் இவ்விரு எண்களையும் மறவாமற் கூறுகின்றனர்.

ஒப்பீட்டின் திறவுகோல் இங்கேயே உள்ளது. புல்லுக்கு மாற்றான கயிற்றைப் பின்னும் ஒரு மணிநேரம் எண்ணப்படுகின்றது, எண்ணப்படுவதாற் கூலியாகின்றது, கூலியாவதால் விலையில் ஏறுகின்றது, விலை மதிப்பாகின்றது. கல்முனைக் கரையிற் பன்னை அறுத்து, உலர்த்தி, சாயமேற்றி, ஒரு பாயை இழைத்து முடிக்கப் பல நாள்கள் செல்லும். அந்நாள்கள் எவராலும் எண்ணப்படுவதில்லை. அடுப்புவேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையே கிடைக்கும் ஓய்வில் நிகழ்வதாகக் கொள்ளப்படுவதால், அவ்வுழைப்பு உழைப்பெனும் பெயரையே இழந்துவிடுகின்றது. சந்தைக்கு வரும் பாய்க்குப் புல்லின் விலையும் போக்குவரத்தின் செலவும் கணிக்கப்படலாம். விரலின் காலம் கணிக்கப்படுவதில்லை. ஆகவே, எளிமை என்பது பொருளில் மட்டும் உறையும் ஒரு குணமாகாது. ஆக்குவோர்க்கும் வாங்குவோர்க்கும் இடையிலான உறவே அதற்குப் பெயரிடுகின்றது. அவ்வுறவு நேர்மையாக அமையுமிடத்து எளிமை அழகெனப்படுகின்றது. ஆக்குவோரின் காலம் மறைக்கப்படுமிடத்து அதே எளிமை வறுமையெனப்படுகின்றது.

கைவினையின் அழகை எழுத்தில் நிலைநாட்டும் முயற்சி இலங்கைக்குப் புதியதன்று. எலன் கேயை ஈர்த்த அதே மொறிஸின் சிந்தனையே ஆனந்த குமாரசுவாமியையும் ஈர்த்தது. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த அவர், இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை 1908 இல் வெளியிட்டார்; மொறிஸின் அச்சகத்துக்கு உரியதாயிருந்த அச்சுப்பொறியிலேயே அது அச்சிடப்பட்டது. கண்டிப் பகுதியின் தச்சர், கொல்லர், குயவர், நெய்வோர், பாய் ஆக்குவோர் ஆகியோரின் தொழிலை அது கலையாகப் பதிவுசெய்தது. பின்னர், 1949 அளவில், கட்டடக்கலைஞரான மினெற் டி சில்வா கண்டியில் தாம் அமைத்த வீடொன்றிலே தும்பறைப் பாயின் நெசவை இடம்பெறச் செய்தார். 2021 இல் தும்பறைப் பாய் நெசவுக்கலை யுனெஸ்கோவின் அருவ மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. எழுத்தில் ஏறியது கட்டடத்தில் ஏறியது. கட்டடத்தில் ஏறியது பட்டியலில் ஏறியது. ஒன்று மற்றொன்றை நேரே விளைவித்தது எனல் மிகைக்கூற்றாகலாம். எனினும், பெயரிட்டுப் பதிவுசெய்யப்பட்ட கைவினைக்கு ஒரு வழி திறந்தே இருந்தது என்பதை மறுத்தல் இயலாது. குமாரசுவாமியின் நூல் தன் எல்லையைக் கண்டிய மரபென வகுத்துக்கொண்டது. கிழக்குக் கரையைக் கூறாமை அதன் குற்றமாகாது. கிழக்குக் கரைக்கு அத்தகைய நூல் வாய்க்காமையே இங்குக் குறிப்பிடத்தக்கது.

டென்மார்க்கும் இலங்கையும் நேரிற் சந்தித்த ஒரு நிகழ்வும் உண்டு. உல்ரிக் பிளெஸ்னர் என்னும் டென்மார்க்கு நாட்டுக் கட்டடக்கலைஞர் 1958 இல் இலங்கை வந்து, முதலில் மினெற் டி சில்வாவுடனும் பின்னர் 1967 வரை ஜெப்ரி பாவாவுடனும் பணியாற்றினார். உள்ளூர் மரம், ஓடு, கல், கைத்தறி ஆகியவற்றைக் கொண்டு நவீன வீடமைக்கும் போக்கு அக்காலத்திலே கொழும்பில் உருப்பெற்றது. 1964 இற் பார்பரா சன்சோனி தொடங்கிய 'பெயார்பூட்' கைத்தறி முயற்சியும் அச்சூழலைச் சார்ந்ததே. இம்முயற்சிகளின் சிறப்பை ஐயுறுவதற்கில்லை. ஆயின், அவற்றாற் பயனெய்திய கூடங்கள் பெரும்பாலும் கொழும்பு மேல்வகுப்பினரின் வீடுகளும் சுற்றுலா விடுதிகளுமே. கூட்டுறவுக் கடையின் ஊடாகத் தொழிலாளியின் சமையலறைவரை சென்ற 'மக்கள் நாற்காலி' போன்ற ஒன்று இங்குத் தோன்றவில்லை. டென்மார்க்கின் வடிவம் வந்தது. டென்மார்க்கின் கூட்டுறவு உடன்வரவில்லை.

கைத்தறியைப் பொறுத்தவரை கல்முனைக் கரை முற்றாக வெளியே நின்றதெனக் கூறமுடியாது. மருதமுனை இலங்கையின் புகழ்பெற்ற நெசவூர்களுள் ஒன்று. சாரமும் சேலையும் அவ்வூரின் பெயரால் அறியப்பட்டன. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் உள்ளூர் நெசவுக்குச் சந்தை இருந்தது. 1977 இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் வெளிநாட்டு இயந்திரத் துணியோடு கைத்தறி போட்டியிட நேர்ந்தது. 2004 டிசம்பர் 26 இல் வந்த கடல்கோள் இலங்கையிலே அம்பாறை மாவட்டத்திற்கே மிகுந்த உயிரிழப்பை விளைவித்தது. மருதமுனையிற் கடலோரத் தறிகளும் வீடுகளோடு அழிந்தன. இத்தனைக்குப் பின்னும் அவ்வூர் நெசவின் பெயரைத் தாங்கி நிற்பதற்குக் காரணம், அத்தொழிலுக்குச் சந்தையும் சங்கமும் ஊர்ப்பெயரும் முன்னரே அமைந்திருந்தமையாகும். பன்பாய்க்கு அவை அமையவில்லை. நெசவு ஆணும் பெண்ணும் கூடிய தொழிலாக வெளியுலகுக்குத் தெரிந்தது. பாய் இழைத்தல் பெண்ணின் திண்ணையோடு நின்றது.

பெண்ணின் திண்ணை என்பது இக்கரையில் வெறும் உவமையன்று. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே, அயலிலுள்ள தமிழரிடையே போலவே, தாய்வழிக் குடிமுறையும், திருமணத்தின்பின் கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழும் வழக்கமும் நிலவுகின்றன. வீடு மகளுக்குச் சீதனமாக வழங்கப்படுகின்றது. மூத்த மகள் மணமுடித்ததும் பெற்றோர் அவ்வீட்டை அவளுக்கு விட்டு, வளவில் வேறொரு சிறுவீட்டுக்குப் பெயர்வதும் உண்டு. வீட்டின் உரிமையும் வீட்டினுள் இருக்கும் பொருளின் ஆக்கமும் ஒருங்கே பெண்ணிடம் அமைந்த சமுதாயம் இது. ஸ்கண்டிநேவியச் சிந்தனையாளர் வீட்டைச் சீர்திருத்தத்தின் தொடக்கக் களமாகக் கருதினர். அத்தகைய களம் இக்கரையிற் பெண்ணின் கையில் ஏற்கெனவே இருந்தது. இருந்தும், அவள் இழைத்த பொருள் அவளது சீதனவீட்டிலேயே இடமிழந்தது ஏன் என்பதே ஆராயற்பாலது.

1970களின் பிற்பகுதி தொடக்கம் மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைக்கச் செல்வோர் தொகை பெருகிற்று. அவ்வருவாய் முதலிற் சென்றடைந்தது வீட்டையே. ஏனெனில் மகளுக்கும் சகோதரிக்கும் வீடு அமைத்தல் தந்தையின், மகனின் தலையாய கடமை. சீமெந்துத் தரை மாபிளாயிற்று. முன்கூடத்தில் கனத்த சோபாவும் கண்ணாடி அலுமாரியும் பூவேலைக் கட்டிலும் வந்தன. இவற்றைக் கண்டு முகஞ்சுளித்து, பாயின் எளிமையைப் புகழும் விமரிசனம் மலிவானது. அச்சோபா ஒரு மகன் பாலைவெயிலிற் கழித்த ஆண்டுகளின் சாட்சி. பெண் வீட்டார் தம் கடமையை நிறைவேற்றினர் என்பதை ஊருக்கு அறிவிக்கும் அறிக்கையும் அதுவே. அதன் செதுக்குவேலை இரசனைக்குறையால் வந்ததெனல் பொருந்தாது. சீதனச் சந்தையின் நெருக்குதல் அதில் எழுதப்பட்டுள்ளது. ஒரு நாவலின் பாத்திரத்தை அவனது சமுதாயச் சூழலில் வைத்து நோக்கும் திறனாய்வு, ஒரு சோபாவையும் அதன் சூழலில் வைத்தே நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது: பாய் வீட்டைவிட்டு வெளியேறியது அழகில் தோற்றமையாலன்று. பெண்ணின் உழைப்புக்கு விலையில்லாத இடத்தில், அவ்வுழைப்பின் விளைவு அவளது மதிப்பை எடுத்துரைக்க வலுவற்றுப்போயிற்று. பணம் கொடுத்து வாங்கிய பொருளே மதிப்பைப் பேசும் மொழியாயிற்று.

பழமையைப் போற்றும் ஆர்வத்தில் மறக்கப்படும் பிறிதோர் உண்மையும் உண்டு. பாய் இழைத்தல் முதுகையும் கண்ணையும் வருத்தும் தொழில். அதனைத் துறந்து ஆசிரியப் பணிக்கோ அலுவலகத்துக்கோ செல்லும் இளம்பெண் பண்பாட்டைக் கைவிட்டவளாகமாட்டாள். 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமாயிற்று. அக்கரையோரப் பெண்களுக்கு உயர்கல்வி ஊரின் அருகே வந்தது. பாயைக் காக்கும் பொருட்டு அவர்களைப் பாயில் இருத்திவைக்க விரும்புவது அநீதி. பாயின் எதிர்காலம் கூலியின் எதிர்காலத்தோடு பிணைந்துள்ளது. கூலி இல்லையேல் பாய் மறைதல் நியாயமே. மறைவுக்கு வருந்துவோர் கூலியைப்பற்றிப் பேசாது மரபைப்பற்றி மட்டும் பேசுதல் நியாயமாகாது.

ஸ்கண்டிநேவிய மாதிரியும் முற்றாகக் குறையற்றதன்று. வெக்னரின் நாற்காலி இன்று சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலையில் உள்ளது. அனைவர்க்கும் அழகு என்னும் குறிக்கோள் சேகரிப்போரின் கூடத்தில் ஒதுங்கிவிட்டது. மறுபுறத்தில், 1943 இற் சுவீடனில் தொடங்கிய ஐக்கியா நிறுவனம், கழற்றித் தட்டையாகப் பொதிசெய்யும் முறையால் விலையைக் குறைத்து, எளிய தோற்றத்தை உலகெங்கும் பரப்பியது. 1979 இல் அது வெளியிட்ட புகழ்மிக்க புத்தக அலுமாரி, மரத்தூள் ஒட்டுப்பலகையால் ஆனது. தோற்றம் மக்களைச் சென்றடைந்தது. மரமும் கைத்தொழிலாளியும் பின்தங்கினர். ஒருபுறம் தொழிலாளியின் மணிநேரத்தைக் காத்து மக்களை இழந்த நாற்காலி. மறுபுறம் மக்களைப் பெற்றுத் தொழிலாளியை இழந்த அலுமாரி. கூட்டுறவின் காலத்தில் இரண்டும் ஒருங்கே கைகூடுவது போலத் தோன்றிய ஓர் இடைவெளி இருந்தது. அவ்விடைவெளியே கற்கத்தக்க பாடம். வெளிறிய மரத்தின் நிறத்தை மட்டும் இறக்குமதி செய்வோர் அப்பாடத்தைத் தவறவிடுகின்றனர்.

தமிழகத்துத் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடை இவ்விடத்தில் ஒப்புநோக்குதற்குரியது. அங்கும் கோரையே மூலப்பொருள். அங்கும் ஆக்குவோர் தமிழ் பேசும் முஸ்லிம்களே. கோரையை நீரில் ஊறவைத்து, நுண்ணிய இழைகளாகப் பிளந்து, தறியிற் பட்டுப்போல் நெய்யும் அப்பாய் ஊரின் பெயராலேயே அறியப்பட்டுப் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. ஊர்ப்பெயர் ஒரு பொருளோடு இணைந்துவிட்டால், அப்பொருளுக்காக வாதாட ஓர் இடம் கிடைக்கின்றது. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனைப் பகுதிகளின் பன்பாய்க்கு அத்தகைய பெயர் நிலைபெறவில்லை. அது எங்கும் 'பாய்' என்றே விற்கப்படுகின்றது. பெயரற்ற பொருள் மலிவான பொருளாகின்றது. அதனை ஆக்கியவளின் பெயரோ அதனினும் ஆழத்திற் புதைந்துள்ளது. ஸ்கண்டிநேவியாவில் நாற்காலிக்கு வடிவமைப்பாளனின் பெயர் உண்டு. பின்னிய கைக்குப் பெயரில்லை எனினும் கூலியாவது உண்டு. கல்முனைக் கரையில் இரண்டும் இல்லை.

இங்குத் திறனாய்வின் கடமை எழுகின்றது. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகள் தொகுக்கப்பட்டு, பதிப்பிக்கப்பட்டு, பல்கலைக்கழகங்களில் ஆராயப்பட்டுள்ளன. கவி பாடிய நாவுக்குக் கிடைத்த அக்கவனம் பாய் இழைத்த கைக்குக் கிடைக்கவில்லை. சொல்லே பண்பாடு, பொருள் வெறும் பயன்பாடு என்னும் மறைமுகமான பாகுபாடு இதற்குக் காரணமாகலாம். அப்பாகுபாடு நீங்குமாயின் செய்யத்தக்கன பல. பழைய பாய்களின் கோலங்களைக் கிளின்ட்டின் மாணவர் பழைய தளபாடங்களை அளந்ததுபோல் அளந்து வரைதல் முதலாவது. பன்னின் வகைகள், சாயம், கோலம், கருவி ஆகியவற்றுக்கு இழைப்போரிடை வழங்கும் சொற்களைத் தொகுத்தல் இரண்டாவது. தமிழ்ச் சங்கங்களுக்கு இதனினும் பொருத்தமான பணி வேறில்லை. ஒரு பாய்க்குச் செல்லும் காலத்தை நாள்வாரியாகவும் மணிவாரியாகவும் கணக்கிட்டு வெளியிடுதல் மூன்றாவது. முதலிரண்டும் அறிஞர்க்கு உவப்பானவை. மூன்றாவதே தீர்க்கமானது. எண்ணப்பட்ட மணிநேரம் கேட்கத்தக்க கூலியாகும்.

பன் வளரும் நிலத்தையும் இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். சதுப்பு நிலம் பாழ்நிலமெனக் கருதப்பட்டு, வயலாகவும் கட்டடமாகவும் நிரப்பப்படுமிடத்துப் பன்னும் அருகும். டென்மார்க்கிற் கடற்புல் அருகியபோது கடதாசிக்கயிறு வந்தது. அதற்குத் தொழிற்சாலையும் சந்தையும் ஆயத்தமாயிருந்தன. இங்குப் பன் அருகினால் அதன் இடத்துக்கு வருவது பிளாஸ்ரிக் பாயே. அதனை இழைக்கும் கை அவ்வூரில் இருக்கப்போவதில்லை.

இக்காரணங்களால், ஸ்கண்டிநேவியப் பொருள்களைப் புகழ்வதும் பன்பாயைப் புகழ்வதும் தம்மளவில் திறனாய்வாகமாட்டா. முன்னதை வாங்கும் வசதியும் பின்னதை நினைந்து உருகும் வசதியும் ஒரே வகுப்பினருக்கே பெரும்பாலும் வாய்க்கின்றன. ஒரு பொருள் எவ்வளவு குறைந்த அலங்காரமுடையது என்பதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. அவ்வெளிமைக்காக யார் எவ்வளவு காலம் செலவிட்டார், அக்காலத்துக்கு என்ன பெற்றார், அப்பொருளைத் தம் வீட்டிலும் வைத்துக்கொள்ள அவர் விரும்புகின்றாரா என்னும் மூன்று வினாக்கள் உண்டு. மூன்றாவது வினாவே கடினமானது. நிந்தவூரிலோ அட்டாளைச்சேனையிலோ ஒரு தாய், தன் மகளின் சீதனவீட்டுக் கூடத்தில் தான் இழைத்த பாயை, ஊரார் என்ன நினைப்பர் என்னும் அச்சமின்றி விரிக்கும் நாளிலேயே அக்கரையின் எளிமை அழகெனத் தன் பெயரைப் பெறும். அந்நாளைக் கொண்டுவரும் ஆற்றல் எழுத்துக்கு மட்டும் இல்லை. ஆயின் எழுத்தின்றி அது வரப்போவதுமில்லை.